பதினொரு சிரிஞ்சு சீம்பால்

எந்த வீட்டுக்குப் போனாலும் மாரீஸ்வரி முதலில் பார்ப்பது அந்த வீட்டில் சீனி டப்பா எங்கே இருக்கிறது என்பதைத்தான். விருந்துக்குப் போனாலும் சரி, துக்கத்துக்குப் போனாலும் சரி, வாசற்படி தாண்டியதும் அவள் கண் அடுப்படிப் பக்கம் ஒருமுறை போய்விட்டு வரும். டப்பா இருக்கும் இடம் தெரிந்த பிறகுதான் உட்காருவாள். பன்னிரண்டு வயதில் தொடங்கிய பழக்கம். இருபத்தொன்பது வயதாகியும் போகவில்லை. மலைமேல் சக்குபள்ளத்தில், ஏலத்தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவள் வளர்ந்தாள்; அந்த லயத்துப் பெண்கள் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். அவள் தலையைக் கண்டதும், "சீனி மேல் தட்டுல இருக்கு, உக்காரு" என்று சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள்.

அவளுக்கு வந்தது சர்க்கரை நோய்தான். ஆனால் வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற இன்னொரு வகை. அதற்கு மாத்திரை கேட்காது. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கு முன்னும் ஊசி, படுக்கப் போகும்போது நாள் முழுக்க நிற்கிற ஊசி ஒன்று. ஊசி கொஞ்சம் கூடிப்போனால் ரத்தத்தில் சீனி இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். அப்போது ஒரு கை சீனியை அள்ளி வாயில் போட வேண்டும். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "சீனி வியாதிக்காரி சீனி திங்கலாமா?" என்று ஒரு டீச்சர் அவள் கையைத் தட்டிவிட்டார். அன்று பள்ளிக்கூட வராந்தாவில் விழுந்தவளை ஜீப்பில்தான் தூக்கிப்போனார்கள். பயம் பிடித்துக்கொண்டது. டீச்சருக்கும் பயம், அவளுக்கும் பயம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது.

அதற்கு முன்பே அம்மா இறந்துபோயிருந்தாள். அப்பா செல்லத்துரை அவளை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குக் கூட்டிப்போய், உலர்ந்த காயைத் தரம் பிரிக்கிற பெண்களோடு உட்கார வைத்தார். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். பேச்சே வேண்டாத வேலை. மாரீஸ்வரிக்கு அது பிடித்துப்போயிற்று.

இருபத்தேழு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பாண்டீஸ்வரன், கம்பத்திலிருந்து காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு வரும் ஜீப்பை ஓட்டுகிறவன். பெண் பார்க்க வந்த அன்று செல்லத்துரை எதையும் மறைக்கவில்லை. ஊசியையும் மருந்தையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். பாண்டீஸ்வரனின் அம்மா மூக்கம்மாள் முப்பது வருசமாக ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவள். தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஊசி போட்டா சோறு திங்கும்ல? நடமாடும்ல? அப்பறம் என்ன, பூவ வைங்க" என்றாள். அந்த ஒரு பேச்சுக்காகவே மாரீஸ்வரிக்கு மாமியார்மேல் மரியாதை வந்தது. அது ஒருநாளும் குறைந்ததில்லை. பின்னால் நடந்தது அவளுக்கு அவ்வளவு குழப்பமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்யாணமான இரண்டாம் வருசம் வயிற்றில் பிள்ளை தங்கியது. உள்ளூரில் பார்க்க முடியாது என்று சொல்லி, மலையிறங்கிக் கோட்டயத்துப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். மாதம் ஒரு தடவை, பிறகு வாரம் ஒரு தடவை. ஆறாம் மாதத்தில் ஊசியின் அளவு இரண்டு பங்கானது. எட்டாம் மாதத்தில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பிள்ளை பெரிதாக வளர்ந்திருக்கிறது, வலிக்குக் காத்திருக்க வேண்டாம், முப்பத்தெட்டாவது வாரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று தேதி குறித்தார். ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. காலையில் முதல் ஆள் அவள்தான்.

"வலி வராமப் பிள்ளையா?" என்று மூக்கம்மாள் முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு காலண்டரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள். "பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காது. சரி, புதன்தான, இருக்கட்டும்" என்று ஒத்துக்கொண்டாள்.

தேதி தெரிந்துவிட்டது. மற்ற எல்லாம் குழப்பமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் மலையாளத்தில் இருந்தது. மாரீஸ்வரி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பேச்சு வரும், எழுத்து வராது. பாண்டீஸ்வரனுக்கு பஸ் பலகை படிக்கிற அளவுக்குத்தான் மலையாளம். ஒரு நர்ஸ் சொன்னதை இன்னொரு நர்ஸ் வேறு மாதிரி சொன்னார். சாப்பிடு என்றார்கள், சாப்பிடாதே என்றார்கள். சீனியைக் கூட விடாதே என்றார்கள், இறங்க விடாதே என்றார்கள். எல்லாவற்றுக்கும் மாரீஸ்வரி தலையை ஆட்டினாள். திரும்பக் கேட்க வாய் வராது அவளுக்கு.

முப்பத்தாறாவது வாரத்தில் அவளை ஒரு சின்ன அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்ரீரஞ்சனி என்று ஒரு நர்ஸ் இருந்தார். தாய்ப்பால் பற்றிச் சொல்லித் தருவதுதான் அவர் வேலை.

"மலைலேந்து வரேளா? நானும் தமிழ்தான். பாலக்காடு, கல்பாத்தி. இனி மலையாளம் வேண்டாம், தமிழ்லயே பேசலாம்" என்றார்.

மாரீஸ்வரிக்குப் பாதி உயிர் வந்தது. அந்தத் தமிழும் அவளுக்குப் புதிதாகத்தான் இருந்தது. ஆனாலும் தமிழ்.

"கொழந்தை பொறந்த ஒடனே அதுக்கு சுகர் தாழலாம், கேட்டேளா. அதனால இப்பவே கொஞ்சம் கொஞ்சமா சீம்பால் எடுத்து, இந்தச் சின்ன சிரிஞ்சுல பிடிச்சு, ஃப்ரீசர்ல வெச்சுக்கணும். வரும்போது ஐஸ் போட்ட பிளாஸ்க்ல கொண்டு வரணும். பொறந்ததும் மொத மொத வாயில படறது அதுவாத்தான் இருக்கணும். சீனித் தண்ணி, தேன் எதுவும் தொட்டு வெக்கப்படாது. சில பேருக்கு அதுவே போறும். போறலேன்னா கொழந்தையைத் தனி ரூமுக்குக் கொண்டுபோய் ட்ரிப் ஏத்த வேண்டி வரும்."

இத்தனை நாளில் முதல் தடவையாக மாரீஸ்வரி ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்கம்மா, எனக்கு சீனி கூடுதலாத்தான இருக்கு. அதுக்கு எப்படிங்கம்மா கொறையும்?"

ஸ்ரீரஞ்சனி பொறுமையாகச் சொன்னார். உன் ரத்தத்துச் சீனி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. அதைச் செரிக்கக் குழந்தையின் உடம்பு தானே நிறைய இன்சுலின் சுரக்கிறது. பிறந்து கொடியை வெட்டினால் சீனி வருவது நின்றுவிடும். இன்சுலின் உடனே நிற்காது. அதனால் இறங்கும்.

புரிந்தது. திரும்புகிற பஸ் முண்டக்கயம் தாண்டும் வரைக்கும் புரிந்தே இருந்தது. குட்டிக்கானத்து வளைவுகளில் ஏறும்போது குழம்பத் தொடங்கியது. குமுளியில் இறங்கியபோது, "குறையும், அதனால் எடுத்து வை" என்பது மட்டும்தான் மிச்சம் இருந்தது. ஏன் என்பது போயே போய்விட்டது.

பாலை எடுப்பது அதைவிடக் கஷ்டம். குளிக்கிற மறைப்புக்குள் நின்றுகொண்டு, சொல்லித் தந்தபடி கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள் ஒரு சொட்டு வந்தது. மஞ்சள் நிறத்தில், விரலில் ஒட்டுகிற மாதிரி. அதைச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுப்பதற்குள் பாதி வீணாயிற்று. ஒரு சிரிஞ்சு நிறைய ஒரு நாள் ஆனது. பிறகு காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பழகியது.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்த லயத்தில் யார் வீட்டிலும் ஃப்ரீசர் இல்லை. ரோட்டுமேல் ஜோஜோ கடையில்தான் உண்டு. மேல்பாதி ஐஸ்க்ரீம், கீழ்பாதி மத்தி மீன். மாரீஸ்வரி சிரிஞ்சுகளை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, பாண்டீஸ்வரனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இது எந்தா சாதனம்?" என்று ஜோஜோ கேட்டார்.

"மருந்து" என்றாள் மாரீஸ்வரி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஊசி மருந்தா? பக்ஷே ஃப்ரீசர்ல வெச்சா கட்டியாகுமே?"

"இது வேற ஊசி சேட்டா" என்று பாண்டீஸ்வரன் முந்திக்கொண்டான். "கட்டியாகற ஊசி."

ஜோஜோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டப்பாவை ஐஸ்க்ரீமுக்கும் மீனுக்கும் நடுவில் வைத்தார்.

மாமியாரிடம் ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு பாண்டீஸ்வரன் கேட்டபோது, அவளால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வெட்கம் ஒன்று. ஸ்டோரில் உட்கார்ந்து கேட்ட பேச்சுகள் இன்னொன்று. பிள்ளை பிறக்கும் முன் பால் வெளியே வரக்கூடாது, வந்தால் யார் கண்ணிலும் படக்கூடாது, மண்ணில் விழக்கூடாது, எறும்பு தின்றால் பால் வற்றிப்போகும் என்று அங்கே பெண்கள் பேசிக்கொள்வார்கள். அதெல்லாம் உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. பொய் என்றும் தெரியாது. தெரியாத இரண்டுக்கு நடுவில், வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது என்று இருந்துவிட்டாள்.

ஆபரேஷனுக்கு நான்கு நாள் இருக்கும்போது டப்பாவில் பதினொரு சிரிஞ்சு சேர்ந்திருந்தது. அது சனிக்கிழமை. காலையில் மூக்கம்மாள் கருவாடு வாங்க ஜோஜோ கடைக்குப் போனாள். ஜோஜோ ஃப்ரீசரை அணைத்து, உள்ளே பிடித்திருந்த ஐஸைக் கரண்டியால் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மச்சி, இந்த டப்பா மருமகளோட மருந்து. இன்னிக்கு ஃப்ரீசர் ஆஃப். வீட்டுக்குக் கொண்டு போங்க, நாளைக்குத் திரும்பத் தந்தா மதி" என்று எடுத்து நீட்டினார்.

சாயங்காலம் மாரீஸ்வரி அன்றைக்கு எடுத்த சிரிஞ்சை முந்தானையில் மறைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். டப்பா வீட்டுக்குப் போய்விட்டது என்று ஜோஜோ சொன்னார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்து வந்தாள். வாசலில் மூக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு முறம். முறத்தில் பதினொரு சிரிஞ்சும் கழுவி வரிசையாகக் காய வைத்திருந்தது.

"அத்தே, டப்பா..."

"உள்ள வச்சிருக்கேன்."

"அதுல இருந்தது?"

"பலா மரத்து மூட்டுல ஊத்திட்டேன் தாயி" என்றாள் மூக்கம்மாள் மெதுவாக. "காலு படாத எடம். கட்டியா இருந்துச்சு. ஒவ்வொண்ணா உள்ளங்கையில பொத்தி வச்சு உருக்கி ஊத்துனேன். எறும்பு வராம மேல மஞ்சத் தண்ணியும் தெளிச்சுட்டேன். ஒண்ணும் பயப்படாத. யாருட்டயும் சொல்ல மாட்டேன். ஒனக்கு ஆத்தா இல்ல, சொல்லிக்குடுக்க ஆளு இல்ல. தெரியாமச் செஞ்சுட்ட."

மாரீஸ்வரி படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. தன்னை மன்னித்துக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் எப்படிக் கோபப்படுவது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"நர்சம்மாதான் எடுக்கச் சொன்னாங்க அத்தே."

"எந்த நர்சு? பெத்தவளா அவ?"

"பிள்ளைக்கு சீனி கொறையுமாம். அதுக்குக் குடுக்கணுமாம்."

"ஒன் ரத்தம் பூராச் சீனி. அந்த ரத்தத்துல ஊறுன பிள்ளைக்குச் சீனி கொறையுமா? யாருட்டடி கத விடுற?"

அப்போதுதான் மாரீஸ்வரிக்கு ஸ்டோர் நினைவுக்கு வந்தது. பச்சைக் காயை உலர்த்துகிற அறைக்கு வெளியே இருந்து விறகு போட்டு எரிப்பார்கள். விறகை இழுத்துவிட்டாலும் உள்ளே சூடு உடனே நிற்காது. காய் வெந்துகொண்டேதான் இருக்கும். நேரம் பார்த்து அள்ளாவிட்டால் கருகிப்போகும்.

"விறக இழுத்த பொறகும் காயி வேகும்ல அத்தே, அந்த மாதிரி. சீனி வர்றது நின்னுரும். ஆனா அதச் செரிக்கிற மருந்து பிள்ளை ஒடம்புக்குள்ள நிக்காது. இருக்கிற கொஞ்சத்தையும் தின்னுரும்."

சொல்லி முடித்ததும், தான் சொன்னது சரிதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூக்கம்மாள் முறத்திலிருந்த சிரிஞ்சு ஒன்றை எடுத்துத் திரும்பவும் வரிசையில் வைத்தாள்.

"பிள்ள கையில இல்லாமப் பாலப் பீச்சிக் கொட்டுறவ யாரு தெரியுமா?" என்றாள். "பிள்ளையக் குழியில வச்சவ. இவனுக்கு மூத்தது ஒண்ணு எனக்குப் பொறந்துச்சு. மூணாம் நாளு போயிருச்சு. அப்பறம் முப்பது நாளு, சீலையெல்லாம் நனையும். செவுத்துல பீச்சுவேன். அந்த டப்பாவத் தொறந்ததும் எனக்கு வேற எதுவும் தோணல."

இது மாரீஸ்வரிக்குத் தெரியாது. பாண்டீஸ்வரனுக்கும் தெரியாது என்பது, அவன் அந்த நேரம் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து பால் போனதைக் கேட்டுக் கத்தத் தொடங்கியபோது தெரிந்தது.

"என்ன காரியம் பண்ணிட்ட ஆத்தா! ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?"

"போடா. ஜீப்புக்கு டீசல் ஊத்துறவனுக்குப் பாலப் பத்தி என்ன தெரியும்?"

"ஏங்க, சத்தம் போடாதீங்க. ஒங்களுக்கு மூத்ததா அத்தைக்கு ஒரு பிள்ள இருந்துருக்கு" என்றாள் மாரீஸ்வரி.

அவன் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு கையில் இருந்த ஜீப் சாவியைப் பார்த்தான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்ரீரஞ்சனிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். ஸ்ரீரஞ்சனி, "போனது போகட்டும். நாலு நாள் இருக்கே. திரும்ப எடுங்கோ. கெடைக்கறது கெடைக்கட்டும். சங்கடப்படாதேங்கோ, சங்கடப்பட்டா பால் எறங்காது. மாமியார் இருக்காளா பக்கத்துல? மாமி, நீங்க ஒண்ணும் பேடிக்க வேண்டாம். இது கொழந்தைக்கு நல்லதுக்காக்கும்" என்றார்.

மூக்கம்மாள் போனை உற்றுப் பார்த்தாள். பேச்சு முடிந்ததும் கேட்டாள்: "அந்தம்மா பேசுறது என்ன பாசை?"

"தமிழ்தான் அத்தே."

"பாதி வெளங்கல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா பொய் சொல்ற கொரலு இல்ல."

மறுநாளிலிருந்து மாரீஸ்வரி மறைப்புக்குள் போனால் மூக்கம்மாள் வெளியே நின்றுகொண்டாள். உள்ளே பார்க்க மாட்டாள். சிரிஞ்சைத் தொட மாட்டாள். ஆனால் அந்தப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொண்டாள். ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, மருமகளுக்குக் காவலா?" என்று கேட்டதற்கு, "ஆமா, ஒங்கண்ணு படாம இருக்க" என்று வெடுக்கென்று சொல்லி அனுப்பினாள். ஜோஜோவுக்கும் விசயம் தெரிந்துபோயிற்று. "அய்யோ, பாலா இருந்துச்சோ? நான் அறிஞ்சில்லல்லோ" என்று தலையில் அடித்துக்கொண்டு, டப்பாவைக் கடையில் வைக்காமல் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார்.

எவ்வளவு முயன்றும் பழையபடி வரவில்லை. பதற்றமோ என்னவோ, நாளுக்கு ஒரு சிரிஞ்சு நிறைவதே பெரும்பாடாக இருந்தது. சனிக்கிழமை கையில் இருந்ததையும் சேர்த்து நான்குதான் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை ஜீப்பிலேயே மலையிறங்கினார்கள். ஐஸ் போட்ட பிளாஸ்கை மூக்கம்மாள்தான் மடியில் வைத்திருந்தாள். அவளே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் படுக்கை போட்டதும் அடுத்த குழப்பம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது. சரி. அப்படியானால் படுக்கும்போது போடுகிற ஊசி?

"திங்காதவளுக்கு எதுக்கு ஊசி?" என்றாள் மூக்கம்மாள்.

மாரீஸ்வரிக்கும் அது சரி என்றே பட்டது. பதினேழு வருசமாக ஊசி போடுகிறவள் அவள். ஆனாலும் பட்டினி கிடக்கப் போகிற ராத்திரியில் ஊசி என்றால் கை தயங்கியது. பக்கத்துப் படுக்கைக்காரியும் வேண்டாம் என்றாள். டூட்டி நர்ஸ் போட வேண்டும் என்றார். ஸ்ரீரஞ்சனி வேலை முடிந்து போகும் வழியில் எட்டிப் பார்த்தார். நாலு முகத்திலும் நாலு சந்தேகத்தைக் கண்டு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து, மருந்துத் தாளின் பின்பக்கத்தில் தமிழில் பெரிதாக எழுதினார்: "அளவு குறைக்கணும். நிறுத்தப்படாது." இந்த வகைச் சர்க்கரைக்கு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் நாள் முழுக்க நிற்கிற ஊசி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றார். மாரீஸ்வரி அந்தத் தாளை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஊசி போடும்போது எடுத்து ஒருமுறை படித்தாள், போட்ட பிறகும் ஒருமுறை படித்தாள்.

காலையில் ஒரு கையில் குளுக்கோஸ், அதே குழாயில் இன்சுலின். சீனியையும் ஏற்றுகிறார்கள், சீனியைக் குறைக்கிற மருந்தையும் ஏற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்து எதற்கு என்று கேட்க நினைத்தாள், அதற்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் தன் வயிற்றில் யார் யாரோ கை வைத்து இழுப்பது மட்டும் தெரிந்தது. பிறகு அழுகைச் சத்தம். பெண் பிள்ளை, மூன்று கிலோ எழுநூறு.

அடுத்து நடந்ததை மாரீஸ்வரி பார்க்கவில்லை. பாண்டீஸ்வரன் சொல்லித்தான் தெரியும். ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தத்தில் சீனி பார்த்தார்கள். முப்பத்தாறு. அது குறைவு என்றார்கள். ஸ்ரீரஞ்சனி சிரிஞ்சுகளைக் கொண்டுவந்து, மூக்கம்மாளின் மடியில் குழந்தையை வைத்து, கன்னத்து ஓரமாக ஒவ்வொரு சொட்டாக விட்டார். குழந்தை சப்புக் கொட்டியது. நான்கும் தீர்ந்தது.

"போதுமாம்மா?" என்று மூக்கம்மாள் கேட்டாள்.

"பாப்போம் மாமி."

அரைமணி கழித்து நாற்பத்தொன்று. மூக்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த தடவை பார்த்தபோது முப்பத்து மூன்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனி அறைக்குப் போனார்கள். ட்ரிப் போட்டார்கள். மூக்கம்மாள் அந்த அறையின் கதவுக்கு எதிரே சுவரோரமாக உட்கார்ந்தவள், சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை.

இரண்டு நாள் குழந்தை அங்கேயே இருந்தது. இந்தப் பக்கம் மாரீஸ்வரிக்குத் தன் உடம்பே பிடிபடவில்லை. நேற்றுவரை இரண்டு பங்கு கேட்ட உடம்புக்கு, இன்றைக்குப் பழைய அளவில் பாதியே கூடுதலாக இருந்தது. இரண்டு தடவை வேர்த்து நடுங்கி, மாவு கரைத்த மாதிரி எல்லாம் மங்கி, நர்ஸ்கள் குளுக்கோஸ் கொடுத்தார்கள். பிள்ளை வெளியே வந்ததும் இப்படித்தான் ஆகும் என்றார்கள். முன்பே சொன்னார்களாம். அவளுக்கு நினைவில்லை.

மூன்றாம் நாள் குழந்தையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டார்கள். குதிகாலில் சின்னச் சின்னதாகக் குத்தின தழும்பு. மாரீஸ்வரி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஸ்ரீரஞ்சனி பால் கொடுக்கச் சொல்லித் தந்துவிட்டுக் கிளம்பும்போது, அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அந்தப் பதினொண்ணும் இருந்திருந்தா இவ அந்த ரூமுக்குப் போயிருக்க மாட்டாளா?"

ஸ்ரீரஞ்சனி திரும்பிவந்து படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒருவேளை போயிருக்க மாட்டா. ஒருவேளை அப்பவும் போயிருப்பா. பெரிய கொழந்தை. நெஜமாவே எனக்குத் தெரியலை. டாக்டர்ட்ட கேட்டேள்னா அவரும் இதையேதான் சொல்லுவார்."

வார்டு வாசலில் மூக்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கேட்டது எவ்வளவு, விளங்கியது எவ்வளவு என்று தெரியாது. வீட்டுக்குத் திரும்பும்போது, குட்டிக்கானத்து மேட்டில் பனி இறங்கி ஜீப் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில் கேட்டாள்.

"அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"தெரியலன்னாங்க அத்தே."

"தெரியலையா, எனக்காகச் சொல்ல மாட்டேங்கிறாகளா?"

"இல்ல அத்தே. தெரியலையாம்."

"படிச்சவகளுக்குமா தெரியாது?" என்றாள் மூக்கம்மாள். பாண்டீஸ்வரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினான்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. குழந்தைக்குச் சிவசங்கரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறாள். இரண்டு தடவை ரத்தம் பார்த்தார்கள், சர்க்கரையில் குறை ஒன்றும் இல்லை. மாரீஸ்வரியின் ஊசி பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. போன மாதத்திலிருந்து அவள் அரைநாள் ஸ்டோருக்குப் போகிறாள். மூக்கம்மாள் காய் எடுக்கப் போவதை நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். பதினொரு சிரிஞ்சும் இருந்திருந்தால் போதுமானதாய் இருந்திருக்குமா என்பது மாரீஸ்வரிக்கு இன்னும் தெரியாது. மூக்கம்மாளுக்கும் தெரியாது.